விளையாட்டுப் பொருளும் விளையாடும் குழந்தையும்

குழந்தை கையிற் கிடைத்ததையெல்லாம் விளையாட்டுப் பொருளாக்கிக்கொள்ளும். கொட்டாங்கச்சி அதற்குப் பானை, மணல் சோறு, நுங்குக் குடுக்கை வண்டிச் சக்கரம். நம் முன்னோர் இதனை நன்குணர்ந்திருந்தனர். குதிரை பூட்டாமல் சிறுவர் தாமே உருட்டிய மூவுருளைச் சிறுதேரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அத்தேர் ஓடக் குழந்தையின் கை வேண்டியிருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் என் பெயரனின் பிறந்தநாளுக்கு மின்கலத்தால் இயங்கும் மோட்டார் வண்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். விசையை அழுத்தியதும் அது தானே ஓடிற்று, தானே விளக்கேற்றிற்று, தானே பாடிற்று. அவன் செய்வதற்கு ஒன்றும் இல்லை; கைகட்டி நின்று பார்த்தான். மூன்றாம் நாள் வண்டி மூலையிற் கிடந்தது. அது வந்த அட்டைப்பெட்டியோ அவன் கையில் வீடாயிற்று, படகாயிற்று, பின்பு பள்ளிக்கூடமும் ஆயிற்று. “தாத்தா, மணி அடித்துவிட்டது; உள்ளே வாருங்கள்!” என்று என்னையும் அழைத்தான். பல்லாண்டு பிறர்க்குப் பாடம் சொன்ன யான் அன்று அவனிடம் ஒரு பாடம் கேட்டேன்.

எல்லாவற்றையும் தானே செய்யும் பொருள், குழந்தையை வெறும் பார்வையாளன் ஆக்கிவிடும். குழந்தை செய்வதற்கு இடம் விடும் பொருளே நல்ல விளையாட்டுப் பொருள். ஆதலின் அதனை வடிவமைப்பவர் எதனைச் சேர்ப்பது என்று எண்ணுமளவுக்கு எதனை விடுவது என்றும் எண்ணுதல் வேண்டும் என்பது என் கருத்து.

செருமானிய ஆசிரியர் பிரீட்ரிக் புரோபெல் 1837-ஆம் ஆண்டில் குழந்தைகளுக்கென விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கினார். பந்து, மர உருண்டை, உருளை, கனசதுரம் என்பன அவற்றுட் சில. ஒரு கனசதுரம் எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும். மீண்டும் ஒன்றாகக் கூடும். இளமையில் தம் தாய் வாங்கித் தந்த அக்கட்டைகளைப் புகழ்பெற்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் முதுமையிலும் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

டென்மார்க்கு நாட்டுப் பில்லுண்டு என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறித்தியான்சன் என்னும் தச்சர் 1932-இல் மரப்பொம்மை செய்யத் தொடங்கினார். அவர் நிறுவிய லெகோ நிறுவனம் 1958-இல் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் நெகிழிக் கட்டைக்குக் காப்புரிமை கோரிற்று. அன்று செய்த கட்டை இன்று செய்யும் கட்டையோடும் பொருந்தும். எட்டுக் குமிழுள்ள ஆறு கட்டைகளை மட்டும் 91 கோடிக்கு மேற்பட்ட வகைகளில் இணைக்கலாம் எனக் கணித்துள்ளனர். அத்தனை வகைக்கும் இடந்தந்து, கட்டை அமைதியாகக் கிடக்கிறது!

இவ்வெளிமை எளிதில் வருவதன்று. சிறு குழந்தை கையிற் பட்டதை வாயிலிடும். ஆகவே மூன்று வயது நிரம்பாதார்க்குரிய பொருளின் எச்சிறு பகுதியும் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழலுக்குள் முழுதும் அடங்கிவிடலாகாது என்பது விதி. விளிம்பு கீறலாகாது, வண்ணத்தில் நஞ்சு கலந்திருத்தலாகாது. குழந்தை அறியாத இடர்களையெல்லாம் வடிவமைப்பவர் முன்னரே அறிந்து விலக்குதல் வேண்டும்.

“எண்ணும் எழுத்தும் தாமே ஒலிக்கும் பொறிகள் குழந்தைக்குக் கல்வி தருகின்றனவே” என்பாரும் உளர். கேட்டதைத் திருப்பிச் சொல்ல அவை உதவலாம். ஆயினும் தான் அடுக்கிய கோபுரம் சரியும்போது, “ஏன் சரிந்தது?” என்று குழந்தை தன்னைத்தானே கேட்கும் வினா அவற்றால் எழுவதில்லை. அறிவு அவ்வினாவிலன்றோ தொடங்குகிறது?

விலை மிகுந்தால்தான் பொருள் சிறக்கும் என்பதும் இல்லை. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயின்ற அரவிந்த் குப்தா தீக்குச்சி, மிதிவண்டி வால்வுக் குழாய், பழைய தாள் ஆகியவற்றால் அறிவியல் விளையாட்டுப் பொருள்கள் பலவற்றை அமைத்தார். அவற்றைக் குழந்தைகள் தாமே செய்துகொள்ளலாம். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

மாணவச் செல்வங்களே! பாலம் கட்டுவதும் பொறி சமைப்பதும் போலவே, குழந்தைக்கு விளையாட்டுப் பொருள் வடிவமைப்பதும் கற்றவர்க்குரிய தொழிலே. உங்களுள் சிலர் நாளை அதனை மேற்கொள்ளலாம். அதற்குரிய பயிற்சியை இன்றே உங்கள் வீட்டில் தொடங்குங்கள். உங்கள் தம்பி ஒரு கழியைக் காட்டிக் குதிரை என்றால், அது கழி என்று திருத்தாதீர்கள். அது எங்கே போகிறது என்று கேளுங்கள்.