பணம் பெயருக்கா? வண்டிக்கா?

கடைக்குள் நுழைந்ததும் கணவர் பார்த்தது பெட்ரோல் டாங்கில் எழுதியிருந்த பெயரை.

மனைவி பார்த்தது பின் சீட்டை.

"என்னங்க, இதில் நான் எங்கே உட்காருவது? ஒரு முழம்கூட இடம் இல்லையே!" என்று கேட்டார் மனைவி.

"சீட்டா முக்கியம்? இது யார் செய்த வண்டி தெரியுமா?" என்றார் கணவர்.

மோட்டார் சைக்கிள் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டார்கள். எது சரியான கேள்வி?

மனைவி கேட்டதுதான்!

இதற்குச் சாட்சி வேறு எங்கும் தேட வேண்டாம். பெயர் பெற்ற கம்பெனிகளின் கதையே போதும்.

சாய்வு நாற்காலி

"குரூசர்" என்று ஒரு வகை மோட்டார் சைக்கிள் உண்டு. நீளமானது. உயரம் குறைந்தது. காலை முன்னால் நீட்டி, கையை அகல விரித்து, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தது போல ஓட்டலாம். பெரிய எஞ்சின் வைத்த குரூசர்கள் 300 கிலோவுக்கு மேல் எடை இருக்கும்.

இது பந்தயத்தில் ஓடும் வண்டி அல்ல. நீண்ட சாலையில் நிதானமாகப் போவதற்கு ஏற்பட்டது.

பந்தயக் குதிரைக்கு வேகம் வேண்டும். பாரம் ஏற்றிய வண்டியை இழுக்கும் மாட்டுக்கு எடுத்த எடுப்பிலேயே இழுவை வேண்டும். குரூசர் எஞ்சின் மாட்டு ஜாதி. ஆகையால் "மணிக்கு எத்தனை கிலோமீட்டர் பறக்கும்?" என்று மட்டும் கேட்டு இதை எடை போடுவது தவறு.

அதற்காக, "பெயர் இருக்கிறது, வேறு என்ன வேண்டும்?" என்று வாங்குவது அதைவிடப் பெரிய தவறு.

கொட்டகையில் பிறந்த பெயர்

குரூசர் என்றதும் உலகம் முழுவதும் நினைவுக்கு வரும் பெயர் ஹார்லி டேவிட்சன்.

அமெரிக்காவில் மில்வாக்கி என்ற ஊரில் 1903-ம் ஆண்டில் இந்தக் கம்பெனி தோன்றியது. வில்லியம் ஹார்லி என்ற இளைஞரும், டேவிட்சன் சகோதரர்களும் ஒரு சிறிய மரக் கொட்டகையில் தொழிலைத் தொடங்கினார்கள்.

இந்த வண்டியின் சத்தம் தனி. இரண்டு சிலிண்டர்கள் "வி" எழுத்துப் போல 45 டிகிரி கோணத்தில் சாய்ந்து நிற்கும். இரண்டும் ஒரே முனையில் இணைந்து சுழலும். அதனால் இரண்டு வெடிப்புகளும் சம இடைவெளியில் வருவதில்லை. தாளம் தப்பிய மிருதங்கம் போல, விட்டு விட்டுக் கேட்கும்.

அந்தச் சத்தத்துக்குத்தான் எத்தனை மவுசு! சத்தத்தையே தங்கள் வியாபாரச் சின்னமாகப் பதிவு செய்ய வேண்டும் என்று 1994-ம் ஆண்டில் கம்பெனி மனுப் போட்டது. போட்டிக் கம்பெனிகள் எதிர்த்தன. 2000-ம் ஆண்டில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

சினிமாவும் கை கொடுத்தது. 1969-ம் ஆண்டில் வெளிவந்த "ஈஸி ரைடர்" என்ற ஆங்கிலப் படத்தில் இரண்டு இளைஞர்கள் ஹார்லி வண்டிகளில் அமெரிக்கா நெடுகப் பயணம் செய்தார்கள். பார்த்த வாலிபர்கள் மயங்கினார்கள்.

கம்பெனியின் பெயரைத் தோளிலும் மார்பிலும் பச்சை குத்திக்கொண்டவர்கள் உண்டு. வேறு எந்த மோட்டார் சைக்கிளுக்கு இந்த யோகம் கிடைத்தது?

பெயர் இருந்தும் சரிவு

அந்தப் படம் வந்த அதே 1969-ம் ஆண்டில், ஏ.எம்.எப். என்ற பெரிய நிறுவனம் ஹார்லியை வாங்கியது.

"இன்னும் அதிகமாகச் செய், இன்னும் வேகமாகச் செய்" என்று உற்பத்தி முடுக்கி விடப்பட்டது. வண்டிகள் குவிந்தன. தரம் இறங்கியது. புது வண்டியிலேயே எண்ணெய் ஒழுகுகிறது என்ற புகார் எழுந்தது.

அந்தச் சமயத்தில் ஜப்பானிய வண்டிகள் வந்து இறங்கின. சாவியைப் போட்டால் கிளம்பும். எண்ணெய் ஒழுகாது. விலையும் குறைவு.

கலிபோர்னியா நெடுஞ்சாலைப் போலீசார் 1970-களின் பிற்பகுதியில் கவாசாகி வண்டிகளில் ரோந்து போனார்கள். போலீஸ்காரருக்கு வண்டி அலங்காரப் பொருள் அல்ல. துரத்த வேண்டும், நிறுத்த வேண்டும், மறுநாளும் கிளம்ப வேண்டும். அவர் பெயரைப் பார்க்கவில்லை. வேலையைப் பார்த்தார்.

ஹார்லியின் பெயர் அப்போதும் அதே பெயர்தான். படமும் இருந்தது. பச்சை குத்திய ரசிகர்களும் இருந்தார்கள். ஆனாலும் கம்பெனி அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது.

பெயர் காப்பாற்றவில்லை!

காப்பாற்றியது எது?

1981-ம் ஆண்டில் கம்பெனி அதிகாரிகள் 13 பேர் சேர்ந்து, கடன் வாங்கி, ஹார்லியை விலைக்கு வாங்கினார்கள்.

1983-ம் ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதி ரீகன் கை கொடுத்தார். 700 சி.சி.க்கு மேற்பட்ட வெளிநாட்டு மோட்டார் சைக்கிள்களுக்கு 4.4 சதவீதமாக இருந்த இறக்குமதி வரி, ஒரே அடியாக 49.4 சதவீதமாக உயர்ந்தது. ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்து, 5 ஆண்டுகளில் இந்தக் கூடுதல் வரி தீர்ந்துவிடும் என்பது ஏற்பாடு.

ஜப்பானியர் சும்மா இருப்பார்களா? எஞ்சினைக் கொஞ்சம் சுருக்கி, 700 சி.சி.க்குச் சற்றுக் குறைவான வண்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வரி வலையில் விழவில்லை.

வரிச் சுவர் மட்டும் போதாது என்பது ஹார்லிக்குத் தெரிந்திருந்தது. பல ஆண்டுகள் பாடுபட்டு, அலுமினியத்தில் ஒரு புதிய எஞ்சினைச் செய்து, 1984-ம் ஆண்டு வண்டிகளில் பொருத்தியது. பழைய 45 டிகிரி கோணம் அப்படியே இருந்தது. பழைய சத்தமும் இருந்தது. ஒழுகல் நின்றது.

பிறகுதான் ஏற்றம். விட்டுப்போன போலீஸ் ஆர்டரும் கலிபோர்னியாவில் இருந்து திரும்பி வந்தது. 1987-ம் ஆண்டில், "இனி எங்களுக்கு வரிப் பாதுகாப்பு வேண்டாம்" என்று கம்பெனியே, கெடு முடியும் முன்னால் அரசிடம் சொல்லிவிட்டது.

பெயரை நம்பி இருந்தபோது விழுந்த கம்பெனி, எஞ்சினைத் திருத்தியபோது எழுந்தது. தன் பெயரை மட்டும் நம்பினால் ஆபத்து என்று கம்பெனியே கற்றுக்கொண்டது. வாங்குகிறவர் மட்டும் ஏன் அதை நம்ப வேண்டும்?

ஹோண்டாவின் வேடிக்கை

எதிர்ப் பக்கத்திலும் ஒரு வேடிக்கை நடந்தது.

ஹோண்டா கம்பெனி 1983-ம் ஆண்டில் "ஷேடோ" என்ற குரூசரைக் கொண்டுவந்தது. எஞ்சினுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி. அதிர்வு தெரியாதபடி அமைப்பு. ஓட்டினால் அலுங்காது, குலுங்காது.

ஆனால் அமெரிக்க ரசிகர்கள் என்ன சொன்னார்கள்? "வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹார்லி மாதிரி இல்லையே!" என்றார்கள்.

1990-களின் மத்தியில் ஹோண்டா ஒரு காரியம் செய்தது. அதிர்வு அடக்கும் அந்த அமைப்பை எடுத்துவிட்டு, ஹார்லி போலவே இரண்டு சிலிண்டர்களையும் ஒரே முனையில் இணைத்த 1,100 சி.சி. ஷேடோ ஒன்றை வெளியிட்டது. அதிர்வு கூடியது. திறனும் கொஞ்சம் குறைந்தது. சத்தம் மட்டும் ஹார்லியை ஒட்டி வந்தது!

நன்றாக ஓடிய எஞ்சினைக் குலுங்கும்படி செய்ய, கெட்டிக்கார இன்ஜினீயர்கள் உட்கார்ந்து பாடுபட்டார்கள். மவுசு என்பது மனிதர்களை எதுவரை கொண்டுபோகும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டுமா?

எது எந்த நாட்டு வண்டி?

"ஹார்லி வாங்கினால் அமெரிக்க வண்டி, ஹோண்டா வாங்கினால் ஜப்பான் வண்டி" என்று சொல்வார்கள். இதுவும் முழு உண்மை அல்ல.

ஹோண்டாவின் பெரிய "கோல்டு விங்" வண்டிகள், 1980-ம் ஆண்டில் இருந்து ஏறக்குறைய 30 ஆண்டுகள், அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் அமெரிக்கத் தொழிலாளர் கையால் உருவாயின. அதே காலத்து ஹார்லி வண்டிகளிலோ, முன் போர்க்கும் கார்புரேட்டரும் ஜப்பானியக் கம்பெனிகளின் சரக்கு!

இந்தியாவில் நடந்ததைப் பாருங்கள். ஹார்லி கம்பெனி 2010-ம் ஆண்டில் இங்கே விற்பனையைத் தொடங்கியது. 2020-ம் ஆண்டில் சொந்தத் தொழிற்சாலையை மூடுவதாக அறிவித்து, ஹீரோ கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்தது. 2023-ம் ஆண்டில் "எக்ஸ் 440" என்ற வண்டி வந்தது. செய்தது ராஜஸ்தானில், ஹீரோவின் தொழிற்சாலையில். சிலிண்டர் ஒன்றே ஒன்று.

அது மோசமான வண்டி என்று அர்த்தம் அல்ல. ஆனால் இரட்டைச் சிலிண்டரின் பழைய தாளத்தை நினைத்து, பெயரை மட்டும் படித்து வாங்கியவர் ஏமாந்திருப்பார். ஓட்டிப் பார்த்து, பிடித்து வாங்கியவர் ஏமாந்திருக்க மாட்டார்.

திருவொற்றியூர் சொல்லும் பாடம்

நம் ஊரிலேயே ஒரு பெரிய பெயர் இருக்கிறது. ராயல் என்பீல்டு!

பிறப்பு இங்கிலாந்து. 1955-ம் ஆண்டில் சென்னைக்கு வந்தது. திருவொற்றியூரில் "புல்லட்" தயாரானது. இங்கிலாந்தில் கம்பெனி மூடப்பட்ட பிறகும் சென்னையில் உற்பத்தி நிற்கவில்லை. 1977-ம் ஆண்டில் சென்னை புல்லட், பிறந்த நாடான இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆனது!

"புல்லட் சத்தம் தெருமுனையிலேயே கேட்கும்" என்பது பெருமை. ஆனால் எண்ணெய்க் கசிவும், மிதித்தால் கிளம்பாத முரண்டும் அதன் கூடவே இருந்தன. ரசிகர்கள் பொறுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் பொறுக்கவில்லை.

2010-ம் ஆண்டுக்குள் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் போய்ப் புதிய எஞ்சின் வந்தது. வலது காலில் இருந்த கியர் இடது காலுக்கு மாறியது. "பழைய சத்தம் போய்விட்டதே!" என்று ரசிகர்கள் முணுமுணுத்தார்கள்.

விற்பனை என்ன ஆயிற்று? 2010-ம் ஆண்டில் சுமார் 50 ஆயிரம் வண்டிகள். 2014-ம் ஆண்டில் 3 லட்சம்!

2020-ம் ஆண்டில் வந்த "மீட்டியார் 350" குரூசரில், அதிர்வை அடக்குவதற்கு என்றே எஞ்சினுக்குள் தனித் தண்டு வைத்தார்கள். ஹோண்டா எடுத்ததை என்பீல்டு சேர்த்தது.

பெயருக்கும் பலன் உண்டு

பெயரை அடியோடு தள்ளிவிடுவதும் நியாயம் அல்ல.

பேர் பெற்ற வண்டியை விற்கும்போது நல்ல விலை கிடைக்கும். சின்ன ஊரிலும் மெக்கானிக் இருப்பார். உதிரி பாகம் அகப்படும். அந்த வண்டிக்காரர்கள் கூடிப் போகும் சங்கங்கள் இருக்கும். ஹார்லி கம்பெனி 1983-ம் ஆண்டில் அப்படி ஒரு சங்கத்தை ஏற்படுத்தியது. தனியாகப் போகிறவருக்கு நண்பர்கள் கிடைப்பது சின்ன லாபமா?

மன மகிழ்ச்சியும் ஒரு லாபம்தான். நினைத்து நினைத்துப் பணம் சேர்த்தவர், ஆசைப்பட்ட வண்டியில் ஏறும்போது அவர் முகத்தில் தெரியும் சந்தோஷத்தைப் பழிக்கக் கூடாது.

ஆனால் ஒன்று. இவ்வளவு பணம் வண்டிக்கு, இவ்வளவு பணம் பெயருக்கு என்று தெரிந்து கொடுக்க வேண்டும். பெயருக்காகக் கொடுக்கும் பணம், பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்தில் கை வைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பல் பிடித்துப் பாருங்கள்

மாட்டுச் சந்தையில் சுழி பார்ப்பவர்கள் உண்டு. "ராஜ சுழி" என்றால் விலை ஏறும். ஆனால் அனுபவம் உள்ள விவசாயி சுழியோடு நிற்க மாட்டார். பல்லைப் பிடித்துப் பார்ப்பார். நடத்திப் பார்ப்பார். ஏரில் பூட்டிப் பார்ப்பார். சுழி உழாது என்பது அவருக்குத் தெரியும்.

குரூசர் வாங்குகிறவரும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதிகிறதா? கனமான வண்டியைச் சந்தில் தள்ளித் திருப்ப முடிகிறதா?

தாழ்ந்த வண்டி ஆயிற்றே, இருவர் உட்கார்ந்தால் வேகத் தடையில் அடி தட்டுகிறதா?

காலுக்கு நடுவே எஞ்சின் இருக்கிறது. உச்சி வெயிலில் நெரிசலில் நின்றால் தொடை சுடுகிறதா? ஓட்டிப் பார்ப்பதைக் காலையில் வைத்துக்கொள்ளாமல், மதியம் வைத்துக்கொள்வது நல்லது.

பிரேக் எப்படி? சக்கரம் இறுகிச் சறுக்காமல் தடுக்கும் "ஏ.பி.எஸ்." அமைப்பு, இந்தியாவில் 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளுக்கும் 2019-ம் ஆண்டில் கட்டாயம் ஆயிற்று. அது முன் சக்கரத்துக்கு மட்டுமா, இரண்டுக்குமா என்று கேட்க வேண்டும். கனமான வண்டிக்கு இரண்டிலும் இருப்பது உத்தமம்.

குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால் வண்டியை நிறுத்துவது பிரேக். டாங்கில் எழுதிய பெயர் அல்ல!

கடைசியாக, அந்த மனைவி கேட்ட கேள்வி. பின் சீட்டில் உட்காருகிறவருக்கு இடம் இருக்கிறதா? அவரை ஏற்றிக்கொண்டு 10 கிலோமீட்டர் போய்வந்து, "இடுப்பு வலிக்கிறதா?" என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டலாம்.

பெயரை ஊரார் பார்ப்பார்கள். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

வண்டியில் 10 ஆண்டுகள் போகப் போவது அந்தக் குடும்பம்தான்.