அறிமுகம் மூலதனம் ஆகாது

கண்டியில் சிறுதொழில் தொடங்க நினைக்கும் பிள்ளைகளுக்கு எல்லோரும் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: காசைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் நாலு பேரைப் பழக்கம் பிடித்துக்கொள். முயற்சியாண்மைப் பயிற்சிக்கு வரும் வளவாளர் இதைச் சொல்கிறார். கொழும்பு வீதியில் கடை வைத்திருக்கும் முதலாளியும் இதையே சொல்கிறார். பெயர் அட்டை அடி, கூட்டங்களுக்குப் போ, பெரியவர்களைக் கண்டு பேசு. பழக்கம் நம்பிக்கையாகும், நம்பிக்கை வியாபாரமாகும் என்கிறார்கள்.

இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை முழுமையென்று நம்பிக் கைக்காசையும் காலத்தையும் இழப்பவர்கள் மஹய்யாவ போன்ற இடங்களின் பிள்ளைகள். ஏற்கெனவே ஆள்பலம் உள்ள வீட்டாருக்கு இதனால் நட்டமில்லை. ஆகவே இந்தப் புத்திமதிக்குள் அடங்கியிருக்கும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்வது அவசியம் என்று நினைக்கிறேன்.

வாதம் 1: ஆட்களைத் தெரிந்திருந்தால் வியாபாரம் தானாக வரும்

மஹய்யாவ, கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வழியில் இருக்கிறது. கண்டி மாநகர சபை 1865இல் அமைந்தது. நகரத்தைக் கூட்டவும் கழிவு அள்ளவும் ஆங்கிலேய நிர்வாகம் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளரைக் கொண்டுவந்தது. அவர்கள் வழிவந்த தமிழ்க் குடும்பங்கள் இன்றும் இங்கே வாழ்கின்றன. இவர்கள் கால் படாத தெரு கண்டியில் இல்லை. நகரத்தின் கடைகளையும் வீடுகளையும் இவர்கள் அறிவார்கள். நகரமும் இவர்களை அறியும். ஆள் தெரிந்திருப்பதே மூலதனம் என்றால், தலைமுறை தலைமுறையாக இந்த நகரத்தோடு பழகியவர்களின் கையில் அந்த மூலதனம் ஏன் சேரவில்லை?

காரணம் தெரிந்ததுதான். காலிங்க டியூடர் சில்வா, பி. பி. சிவப்பிரகாசம், பரம்சோதி தங்கேஸ் ஆகிய மூவரும் 2009இல் பதிப்பித்த சாதிப் பாகுபாடு பற்றிய ஆய்வு நூல், கண்டி நகரத் துப்புரவுத் தொழிலாளர் சமூகத்தையும் ஆராய்ந்தது. மஹய்யாவ என்று விலாசம் சொன்னதும் எதிரிலிருப்பவரின் முகம் மாறுவதும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உறவினர் வீட்டு விலாசத்தைக் கொடுப்பதும் இங்கே வளர்ந்தவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. இவர்களை ஊர் அறிந்திருக்கிறது, ஆனால் தாழ்த்தி அறிந்திருக்கிறது. அப்படிப்பட்ட பழக்கம் எத்தனை பேரோடு இருந்தாலும் கடனுக்குச் சரக்குத் தராது.

மறுபக்கம் பேசுவோர் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டரைத் துணைக்கு அழைப்பதுண்டு. நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது காணும் அறிமுகக்காரர்கள் வழியாகவே புதிய வேலைத் தகவல் அதிகம் வருகிறது என்று அவர் 1973இல் எழுதினார். அது சரியான கண்டுபிடிப்பு. ஆனால் அதன் உள்ளே ஒரு நிபந்தனை இருக்கிறது: அந்த அறிமுகக்காரர் வேறொரு வட்டத்தில் இருக்க வேண்டும், அந்த வட்டத்தின் தகவலை நம்மிடம் தரவும் வேண்டும். தெருக் கூட்டுகிறவரிடம் வங்கி முகாமையாளர் காலை வணக்கம் சொல்லலாம். கடன் திட்டம் பற்றிச் சொல்வதில்லை. தகவல் நடக்காத பாதையை உறவு என்று கணக்கில் எழுத முடியாது.

வாதம் 2: நம்மவர்களுக்குள்தான் நம்பிக்கை நிலைக்கும்

இதற்கு எப்போதும் காட்டப்படும் உதாரணம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். ஒரே சாதி, ஒரே கோயில், வாய்ச்சொல்லிலேயே இலட்சக்கணக்கில் புரண்ட பணம் என்று கதை சொல்வார்கள். மலையகத்தின் கோப்பிக் காலத்திலும் பிறகு தேயிலைக் காலத்திலும் கடை வியாபாரத்துக்கும் அரிசி இறக்குமதிக்கும் அவர்களின் பணம் ஓடியது உண்மை. ஆனால் அந்தப் பணத்தைக் காத்தது சாதிப்பற்று மட்டும்தானா?

செட்டியார் நிறுவனம் தன் முகவரை வெளியூருக்கு அனுப்பினால் பொதுவாக மூன்று வருடத் தவணைக்கே அனுப்பும். அந்த முகவர் கணக்கை ஒழுங்காக ஊருக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சொந்தக்காரனாக இருந்தாலும் பேரேட்டிலிருந்து விலக்கு இல்லை. கொழும்பின் ஆங்கிலேய வங்கிகள் செட்டியார்களுக்குக் கடன் கொடுத்ததும் முகத்தைப் பார்த்து அல்ல. வங்கியில் ஈடு வைத்திருந்த, சிறாப்பர் எனப்பட்ட இடையாள், கடன் வாங்குபவருக்கு உத்தரவாதம் சொன்னார். கடன் திரும்பாவிட்டால் நட்டம் அவர் தலையில் விழும். அந்தப் பணத்தைச் செட்டியார்கள் சிங்கள, முஸ்லிம் வியாபாரிகளுக்கும் கடனாகக் கொடுத்தார்கள். ஆகவே அந்தச் சங்கிலி சாதி எல்லைக்குள் நின்றதே இல்லை. சாதியைக் கடந்து ஓடும்படி அதைத் தாங்கியது கணக்கும் உத்தரவாதமும்தான்.

சொந்த வட்டம் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு ஆபத்து என்பதையும் அதே வரலாறு காட்டியது. 1925இல் ஒரு பெரிய செட்டியார் நிறுவனம் முறிந்ததும், வங்கிகள் செட்டியார்கள் அனைவருக்கும் கடன் கதவை இறுக்கின. ஒழுங்காக நடந்தவர்களும் அடிபட்டார்கள். அவர்களை நம்பியிருந்த உள்ளூர்க் கடைக்காரர்களின் கடனும் வற்றியது. உள்ளூர் வியாபாரிக்கு யார் கடன் தருவது என்ற கேள்வி நாட்டுக் கேள்வியானது. சேர் சொராப்ஜி போச்கானவாலா தலைமையில் 1934இல் வங்கி ஆணைக்குழு விசாரித்தது. 1939 ஓகஸ்ட் 1இல் இலங்கை வங்கி திறக்கப்பட்டது. கொழும்புக்கு வெளியே அதன் முதற்கிளை 1941இல் கண்டியில்தான் வந்தது. ஒரே வட்டத்தின் வழியாக மட்டும் ஓடிய கடன்முறை விழுந்தபோது, எல்லோருக்கும் பொதுவான ஒரு நிறுவனத்தைக் கட்டித்தான் நாடு எழுந்தது.

பதினோராம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடலெங்கும் வணிகம் செய்த யூத வியாபாரிகளின் கடிதங்களை ஆராய்ந்த பொருளியலாளர் அவ்னர் கிரைஃபும், சொந்த வட்டத்தின் நம்பிக்கைக்குப் பின்னால் இப்படி ஒரு தாங்கியையே கண்டார். ஏமாற்றிய முகவர் யார் என்ற செய்தி கடிதம் வழியே துறைமுகம் துறைமுகமாகப் போனது. அவரை வேறு எவரும் வேலைக்கு வைக்கவில்லை. அவர்களின் ஒற்றுமை வேலை செய்ததற்குக் காரணம், நடத்தை பற்றிய செய்தி தடையில்லாமல் ஓடியதுதான்.

வாதம் 3: தெரிந்தவர் மூலம் வந்தால் பயமில்லை

இந்த ஒரு நம்பிக்கையால் இலங்கையில் அழிந்த குடும்பங்கள் ஏராளம். 2008 டிசம்பரில் கோல்டன் கீ நிறுவனம் முறிந்தபோது சுமார் 26 பில்லியன் ரூபாய் வைப்புப் பணம் சிக்கியது. வைப்பிட்டவர்களுக்குத் தெரிந்தது அதன் பின்னால் இருந்த குழுமத்தின் பெரிய பெயர். வைப்பு ஏற்க அதற்கு மத்திய வங்கியின் அனுமதி இருக்கிறதா என்பதைப் பலர் பார்க்கவில்லை.

பிரமிட் திட்டங்கள் இன்னும் கொடுமையானவை. வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு அவற்றைத் தடைசெய்திருக்கிறது. மத்திய வங்கி திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. இருந்தும் அவை ஊருக்குள் வருகின்றன. எப்படி வருகின்றன? மச்சான் சொல்லி வருகின்றன, கூடப் படித்தவள் சொல்லி வருகின்றன, கோயிலில் காணும் அண்ணன் சொல்லி வருகின்றன. உறவைத் தவிர விற்பதற்கு அவற்றிடம் வேறு சரக்கு இல்லை. ஆளைத் தெரியும் என்பதால் கணக்கைக் கேட்காமல் விடுகிறோமே, அந்த இடத்தில்தான் அவை புகுகின்றன.

நுண்கடனிலும் இதே காயம் இருக்கிறது. பெண்களைக் குழுவாக்கி, ஒருவருக்கு மற்றவர் பொறுப்பு என்று கடன் கொடுத்தார்கள். தவணை தவறியபோது பக்கத்து வீட்டுக்காரியே வாசலில் நின்று கேட்க வேண்டி வந்தது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு அரசே கடன் நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. நட்பை ஈடாக வைத்த இடத்தில் கடனோடு நட்பும் மூழ்கியது.

வாதம் 4: எழுதிக் கேட்பது அவமரியாதை

"என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்ற கேள்விக்கு அஞ்சி எத்தனை பேர் பற்றுச்சீட்டுக் கேட்காமல் சரக்கைக் கொடுத்திருக்கிறார்கள்! சட்ட ஆய்வாளர் ஸ்டுவர்ட் மக்கோலே 1963இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து உற்பத்தியாளர்களைப் பேட்டி கண்டு, அவர்கள் தகராறு வந்தால் ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு வழக்கறிஞரிடம் ஓடுவதில்லை, தொலைபேசியில் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள் என்று காட்டினார். எழுத்து தேவையில்லை என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுவோர் ஒன்றை மறக்கிறார்கள். எவ்வளவு சரக்கு, என்ன தரம், எந்தத் தேதி என்பது இரு தரப்புக்கும் தெளிவாக இருந்ததால்தான் அவர்களால் பேசித் தீர்க்க முடிந்தது. இரண்டு பேரின் நினைவும் இரண்டு தொகை சொன்னால் அங்கே பேசித் தீர்க்க எதுவும் இல்லை.

ஆனால் எழுத்து மட்டும் இருந்தால் போதும் என்றும் நான் சொல்ல மாட்டேன். மலையகத் தமிழருக்கு அதன் விலை தெரியும். தோட்டங்களில் ‘துண்டு’ என்று ஒரு காகிதம் இருந்தது. கங்காணியும் அவருடைய ஆட்களும் பட்ட கடன் அதில் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கடனைக் கொடுத்தால் ஆட்களை விடுவிக்கிறேன் என்று ஒரு தோட்டம் மற்றத் தோட்டத்துக்கு எழுதிக் கொடுக்கும். ஊர்க்காரர், உறவினர் என்ற நம்பிக்கையில் கங்காணியின் பின்னால் வந்தவர்கள், தாங்கள் வாசிக்க முடியாத கணக்கில் கட்டுண்டார்கள். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அங்கே உறவும் இருந்தது, எழுத்தும் இருந்தது. இல்லாதது ஒன்றுதான்: கணக்கைப் பார்க்கும் உரிமை தொழிலாளியிடம் இல்லை.

ஆகவே கேட்க வேண்டியது இரண்டு கையிலும் இருக்கும் எழுத்து. கடைக்காரரிடம் ஒரு கொப்பி, வாடிக்கையாளரிடம் அதே வரிகளோடு இன்னொரு கொப்பி. சீட்டுப் பணம் கட்டும்போது கட்டியவருக்கும் ஒரு கையொப்பம். இது யாரையும் சந்தேகப்படுவதாகாது. நாளைக்கு மனஸ்தாபம் வராமல் உறவைக் காக்கும் மரியாதை இது.

வாதம் 5: நம்பிக்கை தனி ஆளின் குணம், நிறுவனத்துக்கு அதில் வேலை இல்லை

நேர்மை தனி ஆளின் குணம்தான். ஆனால் ஒருவரின் நேர்மையை அந்நியர் ஒருவர் அறிந்துகொள்ள ஒரு வழி வேண்டும். அந்த வழியைப் போடுவது நிறுவனங்களின் கடமை. 1948இன் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 2003இன் சட்டம் வரை அந்தப் பிரச்சினை முழுதாகத் தீரவில்லை. இன்னார் என்று காட்ட ஆவணம் இல்லாத மனிதர் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் வங்கியில் எதைக் காட்டுவார்? அந்த இழப்புக்கு அவர்களின் பழகும் திறமையைக் குறை சொல்வது அநீதி.

நிறுவனம் நம்பிக்கையை வளர்த்ததற்கான சான்றும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1906இல் கண்டி மாவட்டத்தின் தும்பறைப் பகுதியில் தொடங்கிய கடன் சங்கம் இலங்கைக் கூட்டுறவின் முதல் முயற்சிகளில் ஒன்று. கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911இல் வந்தது. பெரிய மனிதரின் சிபாரிசு இல்லாத விவசாயி, தன் சிறுசேமிப்பை ஒழுங்காகக் கட்டி, அந்த ஒழுங்கையே தனக்குச் சிபாரிசாக்கிக்கொண்டார். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான கடன் தகவல் பணியகம் இதையே நாடளாவிய அளவில் செய்கிறது: வாங்கிய கடனை ஒருவர் எப்படிக் கட்டினார் என்பதை, அவரை ஒருநாளும் காணாத வங்கியும் அறிய முடிகிறது. குறை என்னவென்றால், சீட்டிலும் கடைக் கொப்பியிலும் வருடக்கணக்காகத் தவறாமல் கட்டியவரின் ஒழுங்கு அதில் ஏறுவதில்லை. முறையான கடன் ஒருமுறையாவது கிடைத்தவருக்கே அங்கே பெயர் உண்டு.

செய்ய வேண்டியது

அறிமுகம் வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. கதவைத் தட்ட ஒருவர் வேண்டும். ஆனால் உள்ளே போனதும் உட்கார வைப்பது நடத்தையின் பதிவு. ஆகவே மஹய்யாவயில் தொழில் தொடங்கும் பிள்ளைக்கு நான் சொல்வது இது: பெயர் அட்டைக்கு முன் கணக்குக் கொப்பி. விற்றது, வாங்கியது, கட்டியது எல்லாவற்றையும் திகதி போட்டு எழுது. சிறிய ஓடரையும் சொன்ன நாளில் கொடு. முடியாவிட்டால் முதல்நாளே சொல். வியாபாரப் பெயரைப் பதிவு செய். வரவு செலவை வங்கிக் கணக்கு வழியாக நடத்து. உன் தெருவுக்கு வெளியே ஒரு வாடிக்கையாளரையாவது பிடித்து, அவர் கையால் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்.

அதைவிடப் பெரிய கடமை மற்றவர்களுக்கு இருக்கிறது. வங்கிகள் சிறுதொழில் கடனுக்கு விலாசத்தையும் பிணையாளியின் பதவியையும் பார்ப்பதைக் குறைத்து, எழுதி வைத்த வரவு செலவையும் சீட்டு ஒழுங்கையும் சான்றாக ஏற்க வேண்டும். வர்த்தக சங்கங்கள் தங்கள் கூட்டங்களை நட்சத்திர ஹோட்டலில் மட்டும் நடத்தாமல் மஹய்யாவயின் சனசமூக மண்டபத்துக்கும் வர வேண்டும். மாநகர சபை தன் சிறிய ஒப்பந்தங்களில், தன் தொழிலாளரின் பிள்ளைகள் தொடங்கிய தொழில்களுக்கும் விலைமனுக் கோரும் கடிதம் அனுப்ப வேண்டும். நாலு பேரைத் தெரிந்து வைத்துக்கொள் என்று அந்தப் பிள்ளைக்குப் புத்தி சொல்லும் ஒவ்வொருவரும், அந்த நாலு பேரில் ஒருவராக நின்று அந்தக் கணக்குக் கொப்பியைத் திறந்து பார்த்து முதல் ஓடரைக் கொடுக்க வேண்டும்.