ஸ்பானிய வினையும் நம் இலக்கணமும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் யாம், மாலை வேளையில் ஸ்பானிய மொழி வகுப்பொன்றிற்கும் சென்று வருகின்றோம். நன்னூல் படிப்பார்க்கு இஃது எற்றுக்கு என நண்பர் சிலர் நகைத்தனர். இருபது நாடுகளில் ஆட்சிமொழியாய் விளங்குவதொன்றைக் கற்பதற்குக் காரணங் கூறவேண்டுவதில்லை. யாம் ஈண்டுக் கூறப்புகுவது வேறொன்று. அம்மொழியின் வினைச்சொல்லை நமக்குக் கற்பிக்கும் முறை நமக்கு ஏற்றதன்று என்பதே அது.

முதற்கண் பொருளை விளக்குவாம். ‘தோமார்’ என்பது எடுத்தல், கொள்ளுதல் எனப் பொருள்படும் தொழிற்பெயர். காப்பி முதலியன பருகுதற்கும் இச்சொல்லே வழங்கும். இறுதியிலுள்ள ‘ஆர்’ என்பதைக் களைந்தால் ‘தோம்’ என்னும் பகுதி எஞ்சும். அதன்மேல் நிகழ்கால ஈறுகளைச் சேர்க்க, தோமோ (எடுக்கின்றேன்), தோமாஸ் (எடுக்கின்றாய்), தோமா (எடுக்கின்றான், எடுக்கின்றாள், எடுக்கின்றது), தோமாமோஸ் (எடுக்கின்றோம்), தோமாய்ஸ் (எடுக்கின்றீர்கள்), தோமான் (எடுக்கின்றார்கள், எடுக்கின்றன) என ஆறு வடிவங்கள் பிறக்கும். ‘ஏர்’ என முடியும் ‘கோமேர்’ (உண்ணுதல்) என்பது கோமோ, கோமேஸ், கோமே, கோமேமோஸ், கோமேய்ஸ், கோமேன் எனவும், ‘இர்’ என முடியும் ‘பார்திர்’ (புறப்படுதல்) என்பது பார்தோ, பார்தேஸ், பார்தே, பார்திமோஸ், பார்தீஸ், பார்தேன் எனவும் வரும். பின்னிரண்டு வகைக்கும் தன்மைப் பன்மையிலும் முன்னிலைப் பன்மையிலுமன்றி ஈறுகளில் வேற்றுமையில்லை. பகுதி திரியாத ஒழுங்கு வினைகளுக்கு நிகழ்கால இலக்கணம் இவ்வளவே.

இவ்வளவு எளியதைக் கடினமாக்குவது யாது? எம் கையிலுள்ள பாடநூல் ஆங்கிலேயர்க்கென ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. ஆங்கில வினை பெரும்பாலும் ஈறு மாறாது நிற்பதாதலின், நான், நீ, நாம் என்னும் பெயரை முன்வைத்தாலன்றிச் செய்தவர் இன்னாரென விளங்காது. அதனால் அந்நூல் ‘யோ தோமோ, தூ தோமாஸ்’ எனப் பெயரையுஞ் சேர்த்தே மனப்பாடஞ் செய்விக்கின்றது. பயன் என்ன? மாணவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘யோ’ என்றே தொடங்குகின்றனர். ஸ்பானியர் செவிக்கு அது ‘நானாக்கும், நானாக்கும்’ எனத் தன்னை வலியுறுத்துவதுபோல் ஒலிக்கும். ‘உண்டேன்’ என்ற அளவிலே உண்டவன் யானென விளங்குதலை நாம் தோன்றா எழுவாய் எனப் பள்ளியிலேயே கற்றோம். ‘தோமோ காஃபே’ என்பதும் அத்தகையதே. இருவரை வேறுபடுத்திக் காட்டவேண்டின் மட்டும் ‘யோ தோமோ காஃபே, எய்யா தோமா தே’, அதாவது ‘யானோ காப்பி பருகுகின்றேன், அவளோ தேநீர்’ என்று பெயர் வெளிப்படும். நாமும் அவ்வாறன்றோ பேசுகின்றோம்!

எதிர்மறைக்கும் வினாவிற்கும் ஆங்கிலத்தார் துணைவினையொன்றை இடைப்பெய்வர். ஸ்பானியத்தில் அது வேண்டா. ‘நோ தோமோ காஃபே’ என்றால் காப்பி பருகுவதில்லை என்பது போதரும். அத்துணைவினை இல்லையென்பதை விளக்குவதிலேயே எம் வகுப்பில் ஒரு மணி நேரங் கழிந்தது. எமக்கில்லாத நோய்க்கு எமக்கு மருந்து! கிராமத்துத் தமிழ்ப் பள்ளிகளிலிருந்து வந்த நண்பர் இருவர், ஸ்பானியம் தமக்கு வாராதென அம்மாதமே வகுப்பை விட்டனர். அவர்க்கு வாராதது ஸ்பானியமன்று, ஆங்கிலமே.

நிகழ்காலத்தின் ஆட்சியும் நமக்குப் புதிதன்று. ‘தோமோ’ என்பது இப்பொழுது எடுக்கின்றேன் எனவும், நாடோறும் எடுப்பது வழக்கம் எனவும் பொருள்படும். ‘மான்யானா தோமோ எல் த்ரேன்’ என்பது ‘நாளை ரயிலேறுகின்றேன்’ என எதிர்காலத்தையும் தழுவும். ‘எல் தாஹோ பாஸா போர் தொலேதோ’, தாஹோ ஆறு தொலேதோ நகர் வழியே செல்கின்றது. முக்காலத்தும் ஒத்தியலும் பொருளை நிகழ்காலத்தாற் கூறலாமென நன்னூலாரும் உடன்பட்டனர்.

மரியாதைக்குரியாரை விளிக்கும் ‘உஸ்தேத்’ என்னும் சொல், ‘தங்கள் அருள்’ எனப் பொருள்படும் பழந்தொடரின் மரூஉ. ஆகவே முன்னிற்பாரை நோக்கிக் கூறினும் ‘தோமா உஸ்தேத் காஃபே?’ எனப் படர்க்கை வினையே கொள்ளும். ஆங்கில நூல் இதனை வியப்பென்கின்றது. எதிரே நிற்கும் பெரியவரை நோக்கி, ‘ஐயா எப்பொழுது வந்தார்கள்?’ என வினவும் நமக்கு இதில் வியப்பென்ன?

தமிழறிவு நம்மை வழுவச் செய்யும் இடமும் உண்டு, அதனை மறையோம். ‘தோமான்’ என்பதை முதலிற் கேட்டபொழுது ஆண்பால் ஒருமையென்றே யாம் கொண்டு, வகுப்பறையில் நகைப்பிற்கு இடமானோம். ‘ன்’ ஈறு அங்கே பலரைக் குறிப்பது. ‘பார்தேன்’ என்பதோ இன்னும் இடர். புறப்படுகின்றார்கள் என்பது அதன் பொருள்! மேலும் ஸ்பானிய வினையீறு ஆண் பெண் காட்டாது. இவற்றை எச்சரித்துக் கூறும் நூலும் தமிழர்க்கெனத் தமிழில் எழுதப்படுவதாகவன்றோ இருத்தல்வேண்டும்?

இது புதிய வேண்டுகோளன்று. 1492-இல் சலமான்காவில் வெளிவந்த காஸ்திலிய இலக்கணத்தில், அந்தோனியோ தே நெப்ரிஹா ஐந்தாம் பகுதியை அயன்மொழியாளர்க்கென்றே வகுத்தார். வீரமாமுனிவர் ஐரோப்பியப் பாதிரிமார் பொருட்டுத் தமிழ்ப் பேச்சுவழக்கின் இலக்கணத்தை அவர்கள் அறிந்த இலத்தீனில் எழுத, அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறிற்று. நம் மொழியை அவர்தம் மொழிவழிக் கற்றனர். அவர்தம் மொழிகளை நம் மொழிவழி நாம் கற்றலாகாதோ?

யாம் மேற்கூறிய மூன்று வினைகளையும் தமிழ் ஈறுகளோடு இணைத்து ஒரு தாளில் எழுதி, வகுப்பை விட்ட நண்பருள் ஒருவரிடங் கொடுத்தோம். அரைமணிப் பொழுதிற் பதினெட்டு வடிவங்களையும் ஒப்பித்தார். ‘பார்தேன்’ என்னுமிடத்து மட்டும் சற்றே நின்று, எம்மை நோக்கிச் சிரித்தார்.