விலை ஏறினால் நம்பிக்கை வந்ததாகுமா?

ஜனங்களின் மனப்போக்கைப் பங்கு விலை காட்டிவிடும் என்பார்கள். அதை அப்படியே நம்புவது ஆபத்து.

வராக்கடனில் சிக்கிய யெஸ் பாங்கிக்கு 2020 மார்ச் 5-ந் தேதி கட்டுப்பாடு வந்தது. கணக்கு வைத்திருந்தோர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியவில்லை. மறுநாள் அதன் பங்கு 6 ரூபாய்க்கும் கீழே போயிற்று. பன்னிரண்டே நாளில் 60 ரூபாயைத் தாண்டியது!

நம்பிக்கை திரும்பியதா? அது மட்டுமல்ல. பாங்கியைக் காப்பாற்ற சர்க்கார் போட்ட திட்டத்தில் ஒரு பூட்டு இருந்தது. 100 பங்கும் அதற்கு மேலும் வைத்திருந்தவர்கள், முக்கால்வாசியை மூன்று ஆண்டுகள் விற்கக்கூடாது. சந்தைக்குச் சரக்கு வராத நாளில் கத்தரிக்காய்கூட விலை ஏறுமே! ஆகவே, விலையோடு, விற்பனைக்கு வரக்கூடிய பங்கு எவ்வளவு, வராக்கடன் எவ்வளவு என்றும் விசாரிக்க வேண்டும்.

அதே ஆண்டு ஜூலையில் பாங்கியே புதுப் பங்குகளை விற்றது. விலை 12 ரூபாய்.