பாலில் நச்சு, தீவனத்தில் ஓட்டை: சட்டம் எங்கே சறுக்குகிறது?

பால் என்றாலே நம்ம பயமெல்லாம் கலப்படத்தைப் பற்றித்தான். யூரியா கலந்திருப்பாங்களோ, சோப்புத்தூள் இருக்குமோ என்று யோசிப்போம். ஆனால், உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ) 2018-ல் நாடு முழுக்க எடுத்த 6,432 பால் மாதிரிகளில், உடலுக்குக் கேடான கலப்படம் இருந்தது வெறும் 12-ல்தான். அனுமதித்த அளவைத் தாண்டி 'அஃப்ளாடாக்சின் எம்1' என்ற நச்சு இருந்ததோ 368-ல்!

எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 551 மாதிரிகளில் 88. கிட்டத்தட்ட ஆறில் ஒன்று. அடுத்தடுத்த இடங்களில் டெல்லியும் கேரளாவும்.

இந்த நச்சை யாரும் பாலில் ஊற்றவில்லை. மாடு தின்ற தீவனம் வழியாக வந்தது.

எப்படி வருகிறது?

கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் போன்றவை ஈரத்தோடு மூட்டையில் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அதில் சில வகைப் பூஞ்சைகள் 'அஃப்ளாடாக்சின் பி1' நச்சை உண்டாக்குகின்றன. மாட்டின் கல்லீரல் அதை எம்1-ஆக மாற்ற, ஓரிரு நாளிலேயே அது பாலில் இறங்கிவிடும். காய்ச்சினாலும் போகாது, பாக்கெட் பாலில் செய்யும் பாஸ்ச்சரைசேஷனுக்கும் அசையாது.

அஃப்ளாடாக்சின்கள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்பது உறுதியான விஷயம். அதற்காக இன்றே பாலை நிறுத்த வேண்டாம். அதே ஆய்வில் 93 சதவீத மாதிரிகள் பாதுகாப்பானவையே. ஆனால், தினமும் பால் குடிக்கும் குழந்தைகள் இருக்கும் வீட்டில் மீதி 7 சதவீதத்தைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

சிக்கல் இங்கேதான். உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006-ன் 3-வது பிரிவு 'உணவு' என்றால் என்ன என்று விளக்குகிறது. அந்த விளக்கத்திலேயே கால்நடைத் தீவனம் சேராது என்று எழுதியிருக்கிறது. பாலில் எம்1 அளவு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டினால் குற்றம். அந்த நச்சு புறப்பட்ட புண்ணாக்கு மூட்டை சட்டப்படி உணவே இல்லை!

அப்போ தீவனத்துக்கு விதியே இல்லையா?

இருக்கிறது. மாட்டுத் தீவனத்துக்கு பி.ஐ.எஸ் வகுத்த ஐ.எஸ் 2052 என்ற தரம் உண்டு. கடைகளில் விற்கும் தீவனத்தில் பி.ஐ.எஸ் முத்திரை இருக்க வேண்டும் என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யும் சொல்லியிருந்தது. ஆனால், தாய்ச் சட்டமே தீவனத்தை வெளியே நிறுத்தியிருக்கும்போது, தீவன ஆலைக்குள் போய்க் கேள்வி கேட்க அதிகாரிக்கு எவ்வளவு பிடி இருக்கும்? லேபிளே இல்லாமல் சில்லறையாக எடைபோட்டு விற்கும் புண்ணாக்கில் முத்திரையை எங்கே தேடுவது?

2019 ஜூலையில் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கால்நடைகளுக்கும் தீவனத்திலும் பயன்படுத்த மத்திய அரசு தடை போட்டது. அதற்குக் கைகொடுத்தது மருந்துச் சட்டம். பூஞ்சை நச்சு மருந்து இல்லையே, அங்கே அந்தச் சட்டமும் உதவாது.

மற்ற நாடுகளில்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ம் ஆண்டு உணவுச் சட்டம் தீவனத்தையும் சேர்த்தே பார்க்கிறது. 2013-ல் செர்பியாவிலிருந்து வந்த மக்காச்சோளத்தில் அஃப்ளாடாக்சின் இருந்தது தெரிந்ததும், அது எந்தெந்தப் பண்ணைகளுக்குப் போனது என்று ஜெர்மனியால் பட்டியல் எடுக்க முடிந்தது. பண்ணைகள் ஆயிரக்கணக்கில் இருந்தும் அது சாத்தியமானது. நம்மிடம் ஊர் ஊராகப் பால் ஒன்றாகக் கொட்டப்பட்டு டேங்கரில் ஏறிய பிறகு, எந்த மாடு, எந்த மூட்டை என்று யார் கண்டுபிடிப்பது?

அடி யாருக்கு?

சோதனையில் பால் தோற்றால் கேள்வி வருவது பாலை விற்றவரிடம். இரண்டு மாடு வைத்திருப்பவர் காசு கொடுத்து வாங்கிய தீவனம் கெட்டது என்று நிரூபிக்க அவரிடம் பெரும்பாலும் பில்கூட இருக்காது. கலந்து விற்றவர் கணக்கிலேயே வரமாட்டார்.

தீர்வு?

ஆந்திரா 2020-ல் தீவனத் தயாரிப்புக்கும் விற்பனைக்கும் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ வெளியிட்ட திருத்த வரைவும் தீவனத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவரச் சொன்னது.

கட்டாயச் சான்று வந்தால் தீவன விலை ஏறும் என்ற கவலை நியாயமானதே. மாடு வளர்ப்பில் பெரும் செலவே தீவனம்தான். அதனால் சோதனைச் செலவைச் சிறு விவசாயி தலையில் கட்டாமல், ஆலையிலும் மொத்த வியாபாரியிடமும் மாதிரி எடுப்பதில் இருந்து தொடங்கலாம். சங்கத்தில் பால் ஊற்றும்போது கொழுப்பு பார்க்கிற மாதிரி, மூட்டை ஆலையை விட்டுக் கிளம்பும்போதே நச்சையும் பார்க்க வேண்டும். பாலில் கலந்த பிறகு கண்டுபிடித்தால், பாலைக் கீழே ஊற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.