கிளைக்கு வந்த குஞ்சு

கம்பத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி கம்பம்மெட்டு சோதனைச் சாவடியைத் தாண்டினால் மொழி மாறுகிறது, பயிர் மாறுகிறது, ஆந்தையும் மாறுகிறது. கீழே பள்ளத்தாக்கின் சாலையோரப் புளியமரங்களில் புள்ளி ஆந்தை. மேலே ஏலத் தோட்டங்களின் நிழல் மரங்களில் காட்டுச் சிற்றாந்தை. இரண்டுமே மரத்தைக் குடையத் தெரியாதவை. மரங்கொத்தியோ குக்குறுவானோ குடைந்துவிட்டுப்போன பொந்தோ, கிளை முறிந்து உளுத்த துளையோ கிடைத்தால்தான் குடித்தனம். ஏலம் நிழல் கேட்கிற பயிர் என்பதால் இந்த மலைகளில் சில கிழட்டு மரங்கள் தப்பித்திருக்கின்றன. அந்த மரங்கள் இருப்பதால் பொந்துகளும் இருக்கின்றன.

மார்ச் முதல் மே வரை சிற்றாந்தைக்குக் குஞ்சுக் காலம். பறவைப் புகைப்படக்காரர்களுக்கும் அதுதான் அறுவடைக் காலம். அவர்கள் தேடி வரும் படம் ஒன்றுதான்: பொந்தின் வாயில் பஞ்சுப் பொதி போன்ற முகம், உருண்டைக் கண்கள், முதன்முதலாக வெளியுலகைப் பார்க்கும் அந்தத் திகைப்பு. பார்க்கிற எவருக்கும் பிடித்துப்போகிற படம். குஞ்சுக்கு அது எப்படிப்பட்ட நேரம் என்பது படத்தில் தெரியாது.

ஆந்தைகளில் பல இனங்களின் குஞ்சுகள் பறக்கக் கற்ற பிறகு கூட்டை விடுவதில்லை. முதலில் கூட்டை விடுகின்றன; பறப்பது பிறகு. அலகாலும் நகத்தாலும் பட்டையைப் பற்றி, சிறகடித்துக்கொண்டு, கிளைகளில் தொற்றி ஏறுகின்றன. சில தவறித் தரையில் விழுந்து, மறுபடி ஏறுகின்றன. தாய் தந்தை வாரக்கணக்கில் தேடி வந்து ஊட்டுகின்றன. பாறை விளிம்பில் வெறுந்தரையில் முட்டையிடும் கொம்பன் ஆந்தையின் குஞ்சுகளோ சிறகு முற்றுமுன்பே நடந்தே வெளியேறிவிடும். புதுச்சேரி சுற்றுவட்டாரத்தில் இந்தக் குஞ்சுகள் வளரும் விதத்தை எம். எரிக் ராமானுஜமும் டி. முருகவேலும் கவனித்து 2009ல் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்கள் கூகைக் குஞ்சுகளின் வளர்ச்சியை அளந்து எழுதியது 2002ல் ‘காண்டார்’ என்ற அமெரிக்கப் பறவையியல் இதழில் வந்தது. கூகை ஒரே நாளில் எல்லா முட்டைகளையும் இடுவதில்லை. முதல் முட்டையிலேயே அடைகாக்கத் தொடங்கிவிடும். அதனால் ஒரே கூட்டில் அண்ணனுக்கும் கடைக்குட்டிக்கும் பல நாள் வித்தியாசம். அண்ணன் வாசலில் நிற்கும்போது கடைக்குட்டி இன்னும் உள்ளே பசியோடு கத்திக்கொண்டிருக்கும்.

இந்த நேரத்தில்தான் மரத்தடியில் முக்காலிகள் முளைக்கின்றன. இரை வருவது பெரும்பாலும் அந்தி சாய்ந்த முதல் சில மணி நேரங்களில். கீழே நான்கு பேர் நின்றுகொண்டிருந்தால் எலியைக் கவ்வி வந்த தாய் அடுத்த மரத்திலேயே உட்கார்ந்துவிடும். படமெடுப்பவருக்கு அது ஒரு மாலை. குஞ்சுக்கு ஒருவேளைச் சாப்பாடு. பொந்தை மறைக்கிற தழையை ஒடித்துவிட்டால் படம் சுத்தமாக வரும். வெயிலுக்கும் பருந்துக்கும் பாம்புக்கும் பொந்து திறந்துகிடக்கும். பகலில் தூங்கும் பறவையைக் கல் தட்டி எழுப்புகிறவர்களும் உண்டு. பகலில் கூகையைக் காகம் வென்றுவிடும் என்பதை வள்ளுவரே அறிந்திருந்தார். காமிரா வைத்திருப்பவர்களுக்கு அது இன்னும் எட்டவில்லை.

பறவைகளும் சும்மா இருப்பதில்லை. பிரிட்டிஷ் புகைப்படக்காரர் எரிக் ஹோஸ்கிங் 1937ல் வேல்ஸில் கூட்டருகே மறைவிடத்துக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, இருட்டில் சத்தமே இல்லாமல் வந்த ஆந்தை அவர் முகத்தில் அறைந்தது. நகம் இடக்கண்ணில் பாய்ந்தது. அந்தக் கண்ணை எடுக்கவேண்டி வந்தது. அப்போது அவருக்கு வயது 27. ஆந்தை இறகின் முன்விளிம்பு சீப்புப் பல் போலிருப்பதால் காற்று இரைச்சலில்லாமல் பிரிகிறது. வந்தது தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம். ஹோஸ்கிங் ஆந்தைகளையும் விடவில்லை, தொழிலையும் விடவில்லை. 1970ல் வந்த சுயசரிதைக்கு ‘ஒரு பறவைக்கு ஒரு கண்’ என்று பொருள் தொனிக்கும் தலைப்பை வைத்தார். ஆந்தையைப் பழி சொல்லாத மனிதர்.

அவர் காலத்தில் ஃபிலிமின் வேகம் குறைவு. ஃப்ளாஷ் இல்லாமல் இரவுப்படம் இல்லை. கூட்டருகே மறைவிடம் கட்டாமலும் முடியாது. இன்றைய டிஜிட்டல் காமிராவுக்கு மங்கிய அந்தி வெளிச்சமே போதும். நீண்ட லென்ஸ் இருந்தால் முப்பது, நாற்பது மீட்டர் தள்ளி நிற்கலாம். அந்தக் காலக் கட்டாயங்கள் போய்விட்டன, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. கூட்டுப் படங்களை ஏற்கமாட்டோம் என்று இந்தியாவிலேயே சில போட்டிகள் அறிவித்திருப்பது அதனால்தான். 1972ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்பதன் பொருளிலேயே பறவையின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதைச் சேர்த்திருக்கிறது. வேட்டைக்காரர் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளும் பலருக்கு இது செய்தியாக இருக்கும்.

படத்தோடு இடத்தின் பெயரும் வெளியே போவது இன்னொரு வம்பு. ‘டிராஃபிக் இந்தியா’ அமைப்புக்காக அப்ரார் அகமது தயாரித்து 2010ல் வெளியான அறிக்கை, இந்தியாவின் 30 ஆந்தை இனங்களில் 15 வியாபாரத்தில் சிக்கியிருப்பதைப் பதிவுசெய்தது. வாங்குவோரில் பெரும்பகுதி மாந்திரீகர்களும் அவர்களை நம்புகிறவர்களும். தீபாவளி நெருங்கினால் விலை ஏறும். பொந்து இருக்கும் மரத்தைச் செல்போன் வரைபடம் துல்லியமாகக் காட்டிக்கொடுத்தால் பிடிக்க வருகிறவனுக்கு வேலை மிச்சம்.

மலைக்கு இருபுறமும் பயம் ஒன்றேதான். கேரளத்தில் ஓர் ஆந்தைக்குக் காலன்கோழி என்று பெயர். அது கூவினால் வீட்டில் சாவு என்பார்கள். சங்க காலத்தில் கூகைக்கோழியார் என்று ஒரு புலவரே இருந்தார். புறநானூற்றில் சுடுகாட்டுக் கூகையைப் பாடியதால் வந்த பெயர்.  பயந்தாலும் பெயராக வைத்துக்கொள்ளத் தயங்காத காலம்.

தோட்டத்தில் குஞ்சு தரையில் கிடந்தால் இரக்கப்பட்டு வீட்டுக்கு எடுத்துப்போய் பால் ஊற்றுகிறவர்கள் உண்டு. அது அனாதையல்ல. பெரும்பாலும் தாய் பக்கத்து மரத்தில்தான் இருக்கும். காயமில்லையென்றால் நாய்க்கு எட்டாத ஒரு கிளையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை. காயமிருந்தால் வனத்துறைக்குச் சொல்லவேண்டியதுதான்.

ஏலத் தோட்டங்களில் மே, ஜூனில் மழைக்கு முன் நிழல் மரங்களின் கிளை கழிக்கிறார்கள். சிற்றாந்தைக் குஞ்சுகள் கிளைக்கு வந்து தத்தளிக்கும் நாட்களும் அதையொட்டியே வருகின்றன. எந்த மரத்தில் பொந்து, அதில் என்ன இருக்கிறது என்பது அரிவாளோடு மேலே ஏறுகிறவருக்குத்தான் முதலில் தெரியும். அந்த ஒரு மரத்தை மட்டும் இரண்டு வாரம் தள்ளிப்போட்டால் ஏலத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது. காய்களைக் கடிக்கும் எலிகள்தான் சற்று வருத்தப்படும்.