சொற்பட்டி போதாது, நூல் வேண்டும்!

அடுப்படியிலும் திருமணப் பந்தலிலும் மட்டும் வழங்கும் மொழி வாழும் மொழி ஆகாது. தொழிற்களத்தில் வழங்கும் மொழியே வாழும் மொழி. ஒருவன் எம்மொழியில் தன் தொழிலை எண்ணுகின்றானோ, அம்மொழியே அவன் மக்களுக்கும் சென்று சேரும்.

இவ்வுண்மையைத் தமிழகத்தின் வடமேற்கு எல்லையிலுள்ள மத்திகிரியில் நின்று பார்ப்பார் நன்கு உணர்வர். ஆங்கிலேயர் காலத்தில் படைக்குதிரைப் பண்ணையாலும் பின்னர்க் கால்நடைப் பண்ணையாலும் பெயர்பெற்ற இவ்வூர், இன்று ஓசூர் மாநகராட்சியுள் அடங்கியது. 1970களில் ஓசூருக்குச் சிப்காட் தொழில் வளாகம் வந்தது. 1980களில் சரக்குந்தும் ஈருருளியும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் எழுந்தன. அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால், 1970களின் இறுதியில் கருநாடக அரசு தொடங்கிய எலக்ட்ரானிக் சிட்டி என்னும் மின்னணு நகர். கணினிப் பணிக்காக இவ்வட்டாரத்து இளைஞர் பலர் நாள்தோறும் அவ்வெல்லையைக் கடக்கின்றனர். அவர்கள் கடப்பது மாநில எல்லையை மட்டுமா? தமிழின் எல்லையையும் அல்லவோ!

இவர்களுள் அரசுப் பள்ளியில் தமிழ்வழிப் பயின்றோர் உளர். தமிழ்நாட்டரசின் மேனிலைப் பள்ளிகளில் கணினி அறிவியல் தமிழில் கற்பிக்கப்பெறுகின்றது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் வெளிவந்த புதிய பாடநூல்கள் பதினோராம் வகுப்பில் சி++ நிரல்மொழியையும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானையும் தமிழிலேயே விளக்கின. ஆகவே, தமிழில் கணினியைக் கற்பிக்க முடியாது என்னும் பேச்சு பொய்த்துப் போயிற்று. ஆனால் அம்மாணவன் கல்லூரி வாயிலை மிதித்த அன்றே தமிழ் நூல் அவன் கையை விட்டு நழுவுகின்றது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் தமிழ்வழிப் பொறியியலைக் கட்டடவியலிலும் எந்திரவியலிலும் தொடங்கியது; கணினிப் பொறியியல் அத்தொடக்கத்தில் இடம்பெறவில்லை. அவ்விரு வகுப்புகளையும்கூட உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் நிறுத்துவதாக 2023இல் அறிவிப்பு எழுந்து, எதிர்ப்புக்குப் பின்னரே திரும்பப் பெறப்பட்டது.

கல்லூரிக்குப் பின் நிலை இன்னும் கொடிது. பணியில் அமர்ந்தவனுக்கு வேண்டுவது நிரல்மொழியின் இலக்கணம் மட்டுமன்று. ஒரு வேலை எத்தனை நாளில் முடியும் என்று கணிப்பது எப்படி? பிறர் எழுதிய பழைய நிரலைத் திருத்துவது எப்படி? பிழையை ஒளிக்காமல் மேலாளரிடம் எடுத்துரைப்பது எப்படி? எப்போது பணி மாறுவது, எதனைப் புதிதாகக் கற்பது? இவற்றைச் சொல்லும் நூல்கள் ஆங்கிலத்தில் அடுக்கடுக்காக உள்ளன. தமிழில் தேடிப் பார்ப்பினும் அரியன.

எடுத்துக்காட்டாக ஒன்று. பிரடெரிக் புரூக்சு என்பார் ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரும் மென்பொருட் பணியொன்றை நடத்திய பட்டறிவைக் கொண்டு 1975இல் ஒரு நூல் வெளியிட்டார். காலந்தாழ்ந்த மென்பொருட் பணிக்கு மேலும் ஆள் சேர்த்தால் அது மேலும் காலந்தாழும் என்பது அந்நூலின் புகழ்பெற்ற முடிவு. நாற்று நடவுக்கு ஆள் கூட்டலாம். ஒரு பானைச் சோற்றுக்குப் பத்துப்பேர் அடுப்பூதினால் சோறு விரைந்து வேகுமா? புதியவர்க்குப் பழையவர் கற்பிக்க வேண்டும். ஒருவரோடொருவர் கலந்து பேசவும் வேண்டும். ஐவர் இருப்பின் இருவரிருவராய்ப் பேசும் இணைப்புகள் பத்து, பதின்மராயின் நாற்பத்தைந்து. ஆள் இருமடங்கு; பேச்சோ நான்கு மடங்கிற்கும் மேல். இதனைத் தமிழில் சொல்ல என்ன தடை? ஒன்றுமில்லை. சொல்வாரில்லை என்பதே குறை.

தமிழில் முயற்சியே இல்லை என்பதன்று. 1999இல் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. தமிழ்நெட் 99 விசைப்பலகை ஒழுங்குபட்டது. 2001இல் இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம் தோன்றியது. 2012இல் தொடங்கிய ‘கணியம்’ இதழும் அதனைச் சார்ந்தோரும் லினக்சு, பைத்தான், எந்திரக் கற்றல் முதலியன பற்றி எளிய தமிழில் நூல் எழுதி, எவரும் விலையின்றிப் பெறவும் படியெடுத்து வழங்கவும் உரிமை தந்துள்ளனர். இப்பணி போற்றற்குரியது. ஆயினும் அவை பெரும்பாலும் கருவியைக் கற்பிப்பன. தொழில் வாழ்வைக் கற்பிக்கும் நூல்கள் இனித்தான் வரவேண்டும். நூற்கடைகளில் குவிந்துள்ள மொழிபெயர்ப்புத் தன்முன்னேற்ற நூல்கள் அவ்விடத்தை நிரப்பா. உறுதியோடு எண்ணுக என்று அவை ஊக்கலாம். நள்ளிரவில் நின்றுபோன வழங்கியை மீட்க அவை துணை நில்லா.

‘கணினியின் மொழி ஆங்கிலமே, தமிழ் நூலால் பயன் என்ன?’ என்பார் உளர். அவர் சப்பானை நோக்குக. ரூபி என்னும் நிரல்மொழியை மாட்சுமோட்டோ என்பார் 1995இல் வெளியிட்டார். அதன் தொடக்க விளக்கங்கள் பெரும்பாலும் சப்பானிய மொழியிலேயே இருந்தன. அதனைப் பற்றிய நூலும் சப்பானிய மொழியில்தான் முன்னர் வந்தது. ஆங்கிலத்தில் முதல் நூல் 2000இல்தான் எழுந்தது. தாய்மொழியில் எழுதியதனால் சப்பானியர் பின்தங்கினரா? உலகமன்றோ அவர்களைத் தேடிச் சென்றது!

இங்கே தமிழுணர்வாளர் தம் பக்கக் குறையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய அதே 1916இல், ஓசூரை அடுத்த தொரப்பள்ளியிற் பிறந்த இராசாசி, சேலத்தில் தமிழ் அறிவியற் கலைச்சொற் கழகம் ஒன்றை நிறுவுவதில் முன்னின்றார். அவரே பின்னர் 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார் என்பது தமிழர் மறவாத வரலாறு. கலைச்சொல் தேடும் வேட்கை ஒன்றே தமிழைக் காத்துவிடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. நூற்றாண்டு கடந்தும் கலைச்சொற் பட்டிகள் பெருகுகின்றன; அவற்றை ஆளும் நூல்கள் பெருகவில்லை. குதிரில் கிடக்கும் விதை பயிராகுமா?

இதற்கு நேர்மாறான வழியை யாழ்ப்பாணம் காட்டிற்று. மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிரீன், 1857இலேயே உடற்கூறு, பிள்ளைப்பேறு ஆகியன பற்றிய நூல்களைத் தமிழில் வெளியிட்டார். 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ஆங்கிலத்தில் பயின்றோர் அரசுப் பணி நாடி வெளியேறுவதையும், தமிழில் பயின்றோர் தம் ஊரார்க்குப் பயன்படுவர் என்பதையும் அவர் கண்டார். அவர் கையில் நூலும் சொல்லும் ஒருங்கே வளர்ந்தன.

அவ்வழியை ஓசூர் வட்டாரத்தார் இன்று பின்பற்றலாம். எல்லை கடந்து உழைக்கும் தமிழ்க் கணினியர் ஒவ்வொருவரும் தாம் பட்டறிந்த ஒரு செய்தியைப் பத்துப் பக்கத்தில் எழுதுக. முதல் வேலை, முதல் பிழை, முதல் நேர்காணல் என எதுவாயினும் ஆகுக. அதனைத் தமிழ்வழிப் பயின்ற மாணவன் ஒருவன் படித்துப் புரியாத இடத்தைக் குறித்துத் தருக. அவ்விடம் மீண்டும் எழுதப்பெறுக. பத்துப்பேர் எழுதினால் ஒரு நூல். மத்திகிரி மண்ணில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாகக் கொண்டு தமிழ்வழிப் பயின்ற இளைஞரும் உளர்; அந்நூல் அவர்க்கும் கைகொடுக்கும். தமிழ் பிறர்மேல் ஏறி அமர வேண்டுவதில்லை, பயன்பட்டாலே போதும்.

புதுச்சொல் படைத்தோரே, அச்சொல்லை ஆளும் ஒரு பக்கமேனும் எழுதுக! எழுத வல்லாரே, தொழில் கற்றோரைத் தேடிச் செல்க! தொழில் கற்றோரே, கற்றதைத் தமிழில் வைத்துச் செல்க! பட்டிகள் போதும், இனி நூல் வருக!